வாலசுக்குக் கிடைக்காத வேலை

என் அக்காள் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். அடுத்து பல்கலைக்கழகத்தில் சூழலியலும் சுற்றுச்சூழல் உயிரியலும் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அண்மையில் வீட்டுக்கு வந்த அத்தான், காப்பியைக் கையில் எடுத்ததுமே என்னிடம் கேட்டுவிட்டார். இந்தப் படிப்பை முடித்தால் என்ன வேலை கிடைக்கும், எவ்வளவு சம்பளம் வரும், வேலை நிலையாக இருக்குமா என்பவை அவர் கேட்ட மூன்று கேள்விகள்.

நானும் அதே துறையில் படித்தவன்தான். காட்டிலும் சதுப்புநிலத்திலும் உயிரினங்களைக் கணக்கெடுப்பது என் தொழில். ஆனாலும் அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. படித்து முடித்த முதல் சில ஆண்டுகளில் நான் பார்த்தவை எல்லாம் குறுகிய கால ஒப்பந்த வேலைகளே. ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்த மாதங்களும் உண்டு. அதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தையையும் மகளையும் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே வாலஸ் பாதை என்று ஒரு நடைபாதை இருக்கிறது. அந்தப் பாதைக்குப் பெயர் தந்தவரின் கதையை நடந்துகொண்டே சொன்னேன். வேலை தேடும் இளையர் எவருக்கும் அது பயன்படும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

பள்ளியை விட்ட சிறுவன்

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் தேதி வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். தந்தை சட்டம் படித்தவர், ஆனால் கையிலிருந்த பணத்தைத் தவறான முயற்சிகளில் இழந்தவர். குடும்பத்தின் வறுமையால் ஏறக்குறைய 14 வயதில் வாலசின் பள்ளிப் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து படிக்கவில்லை.

அண்ணன் வில்லியம் நில அளவையாளர். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த வாலஸ், சுமார் ஆறு ஆண்டுகள் சங்கிலியும் அளவைக் கருவியுமாக வயல்வெளிகளிலும் குன்றுகளிலும் அலைந்தார். வழியில் பார்த்த செடிகளின் பெயர் தெரியவில்லையே என்ற ஏக்கம் அவரை ஒரு மலிவு விலைத் தாவரவியல் நூலை வாங்க வைத்தது. செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

அளவை வேலை குறைந்தபோது, 1844இல் லெஸ்டர் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். அந்த நகரத்து நூலகத்தில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். பேட்சுக்கு வண்டுகள் என்றால் உயிர். ஒரு சிறிய வட்டாரத்துக்குள்ளேயே எத்தனை வகை வண்டுகள் இருக்கின்றன என்பதைப் பேட்ஸ் காட்டியபோது வாலஸ் வியந்துபோனார்.

இந்த இடத்தில் அக்காள் மகளிடம் ஒன்றைச் சொன்னேன். வாலசைச் சூழலியல் பக்கம் திருப்பியவை ஒரு மலிவு விலைப் புத்தகமும் ஒரு நண்பரும்தான். பெரிய கருவிகள் பிறகு வந்தன.

எரிந்துபோன நான்கு ஆண்டுகள்

1848இல் வாலசும் பேட்சும் அமேசான் காட்டுக்குப் புறப்பட்டார்கள். அவர்களிடம் அரசாங்க உதவியோ உபகாரச் சம்பளமோ இல்லை. பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்து இலண்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் அவற்றை அரும்பொருளகங்களுக்கும் செல்வந்தர்களுக்கும் விற்றுப் பணம் அனுப்புவார். அதாவது அவர்கள் சுயதொழில் செய்தார்கள். உயிரினம் கிடைத்தால்தான் அடுத்த மாதச் செலவுக்கு வழி.

உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். மறு ஆண்டு வாலஸ் ஊர் திரும்பியபோது, நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. அதில் இருந்த அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதியும் குறிப்பேடுகளும் சாம்பலாயின. பத்து நாள்கள் திறந்த படகில் தத்தளித்த பிறகுதான் வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. முகவர் முன்யோசனையோடு சரக்குக்குக் காப்பீடு எடுத்திருந்ததால் வாலசால் ஓரளவு பணத்தோடு பிழைத்துக்கொள்ள முடிந்தது.

என்றாலும் மனத்தில் இருந்தது எரியவில்லை. ஊர் திரும்பியதும் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆற்றின் ஒரு கரையில் வாழும் குரங்கு வகை மறு கரையில் இல்லாமல் போவதை அதில் சுட்டிக்காட்டினார். ஓர் உயிரினம் எங்கே பிடிபட்டது என்பதைத் துல்லியமாகக் குறிக்காவிட்டால் அந்தச் சேகரிப்பின் மதிப்பு குறையும் என்பதும் அவருடைய வாதம். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் பலர் பிரேசில் என்றோ அமேசான் என்றோ பொதுவாக எழுதிவிட்டுப் போவார்கள். நிலத்தை அடி அடியாக அளந்து பழகியவருக்கு அது பொறுக்கவில்லை.

புக்கிட் தீமாவில் கிடைத்த 700 வகைகள்

1854 ஏப்ரலில் வாலஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 31 வயது. உடன் வந்தவர் சார்ல்ஸ் ஆலன் என்ற பதின்ம வயதுப் பையன். புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கிக்கொண்டு, தினமும் காலையில் வலையோடு காட்டுக்குள் போனார்.

அன்று அந்தக் குன்றுகளில் சீனத் தொழிலாளர்கள் மரங்களை வெட்டிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். காட்டில் புலிகள் இருந்தன. புலிக்காகத் தோண்டிய ஆழமான குழிகளில் தவறி விழாமல் நடக்க வேண்டியிருந்தது. வெட்டப்பட்ட மரங்களும் உரிந்த பட்டைகளும் மரத்தூளும் வண்டுகளுக்கு விருந்தாக இருந்ததால் வாலசுக்கு அங்கே நல்ல வேட்டை. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் 130 வகைகள் நீண்ட உணர்கொம்புகளை உடையவை. பெரும்பாலும் ஒரே ஒரு சதுர மைல் பரப்புக்குள், அதாவது சுமார் 2.6 சதுர கிலோமீட்டருக்குள் கிடைத்தவை அவை. நாம் நடந்துகொண்டிருப்பது அதே வட்டாரத்தில் என்றதும் அத்தான் ஒரு கணம் நின்று சுற்றிலும் பார்த்தார்.

பிறகு மலாக்கா, அங்கிருந்து ஓஃபிர் மலை, ஆண்டிறுதியில் சரவாக் என்று அவருடைய பயணம் நீண்டது. மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக் சிறகிக்கு 1855இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் வாலஸ்தான். அதே ஆண்டு சரவாக்கின் சந்துபோங்கில் மழைக்காலத்தில் முடங்கிக் கிடந்தபோது, புதிய உயிரின வகைகள் ஏற்கெனவே அதே வட்டாரத்தில் வாழ்ந்த நெருங்கிய வகைகளை ஒட்டியே தோன்றுகின்றன என்று விளக்கும் கட்டுரையை எழுதினார்.

சரவாக் வாழ்க்கையில் இன்றைய மாணவர்களுக்கு உறுத்தும் பகுதியும் உண்டு. சிமுஞ்சான் பகுதியில் அவர் ஒராங் ஊத்தான்களைச் சுட்டுச் சேகரித்தார். தாயைச் சுட்ட பிறகு கிடைத்த குட்டி ஒன்றை வளர்க்க முயன்றார். பால் கிடைக்காமல் கஞ்சித் தண்ணீர் ஊட்டினார். சுமார் மூன்று மாதங்களில் குட்டி இறந்துபோனது. அந்தக் காலத்து அறிவியல் அப்படித்தான் இயங்கியது. இன்று அதே விலங்குகளைத் தானியங்கிக் கேமராவை வைத்தும் மர உச்சிக் கூடுகளை எண்ணியும் கணக்கெடுக்கிறோம். தொழில் தொடர்கிறது, முறை மாறிவிட்டது. அப்படி மாற்றியவர்களும் சூழலியல் படித்தவர்கள்தான்.

அலியும் ஒரு கோடும்

சரவாக்கில் அலி என்ற மலாய் இளைஞர் சமையல் உதவிக்காக வாலசிடம் சேர்ந்தார். சில மாதங்களில் பறவைகளை அடையாளம் காணவும், தோலுரித்துப் பதப்படுத்தவும், படகைப் பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டார். பச்சான் தீவில் 1858இல் யாரும் அதுவரை விவரிக்காத ஒரு சொர்க்கப் பறவையை முதலில் கொண்டு வந்தவர் அலி. ஆனால் அந்தப் பறவை இன்று வாலசின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 1862இல் பிரியும்போது சிங்கப்பூரில் எடுத்த ஒரு படத்தின் மூலமே அலியின் முகம் நமக்குத் தெரியும். களப்பணியில் உள்ளூர்க்காரரின் அறிவு எவ்வளவு பெரியது, அதற்கான பெயர் எவ்வளவு எளிதாக விடுபட்டுப்போகிறது என்பதை என் துறையில் சேரும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1856இல் வாலஸ் மக்காசார் போக வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து நேரடிக் கப்பல் கிடைக்காததால் பாலி, லொம்போக் தீவுகள் வழியாகச் சென்றார். பாலியில் பார்த்த பறவைகள் ஆசியக் காடுகளுக்கு உரியவை. குறுகிய நீரிணையைத் தாண்டி லொம்போக்கில் இறங்கியதும் கொண்டையுள்ள வெள்ளைக் காக்கட்டூ கிளிகளைக் கண்டார். அவை ஆஸ்திரேலியப் பக்கத்து உறவினர்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இரண்டு தீவுகள், ஆனால் இரண்டு வேறு உலகங்கள். அந்த நீரிணையின் ஆழமே காரணம். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகங்களிலும் அது வற்றவில்லை. அந்த எல்லைதான் பிறகு வாலஸ் கோடு என்று பெயர் பெற்றது. கப்பல் தவறிய பயணத்தில் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

1858இல் மலுக்கு தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது, சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன, மற்றவை அழிகின்றன என்ற இயற்கைத் தேர்வுக் கருத்து அவருக்குத் தோன்றியது. எழுதி சார்ல்ஸ் டார்வினுக்கு அனுப்பினார். அதே முடிவை ஏற்கெனவே எட்டி, ஆனால் வெளியிடாமல் வைத்திருந்த டார்வின் திகைத்தார். 1858 ஜூலை 1ஆம் தேதி இருவரின் எழுத்துகளும் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன.

எட்டு ஆண்டுகளில் சுமார் 14,000 மைல் பயணம். 1,25,660 உயிரின மாதிரிகள். அவற்றில் 83,200 வண்டுகள். 1862இல் சிங்கப்பூரில் வாங்கிய இரண்டு உயிருள்ள சொர்க்கப் பறவைகளோடு ஊருக்குப் புறப்பட்டார். கப்பலில் கரப்பான்பூச்சிகளைப் பிடித்து அவற்றுக்கு உணவளித்தபடியே அவற்றை உயிரோடு இலண்டனில் கொண்டுசேர்த்தார்.

கிடைக்காத வேலைகள்

இவ்வளவு சாதித்தவருக்கு வேலை வரிசையில் வந்து நின்றிருக்கும் என்றுதான் அக்காள் மகள் நினைத்தாள். நடந்தது வேறு.

1864இல் அரச புவியியல் சங்கத்தில் உதவிச் செயலாளர் வேலைக்கு முயன்றார். அது பழைய நண்பர் பேட்சுக்குக் கிடைத்தது. இலண்டனில் புதிதாக அமையவிருந்த ஓர் அரும்பொருளகத்தின் பொறுப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. 1878இல் இலண்டனை ஒட்டிய எப்பிங் காட்டைப் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கச் சட்டம் வந்தபோது, அதன் கண்காணிப்பாளர் பணிக்கு விண்ணப்பித்தார். காட்டை எப்படிப் பராமரிக்கலாம் என்று விரிவான கட்டுரையும் எழுதினார். அந்த வேலையும் வேறொருவருக்குப் போனது. உயிரினங்களின் பரவலைப் பற்றி அன்றைக்கு உலகிலேயே அதிகம் அறிந்தவர்களில் ஒருவர், ஒரு காட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்காமல் திரும்பினார்.

சேகரிப்பை விற்றுச் சேர்த்த பணத்தை ரயில்வேயிலும் சுரங்கங்களிலும் முதலீடு செய்து இழந்தார். குடும்பத்தைக் காப்பாற்றப் புத்தகங்கள் எழுதினார். 1869இல் வெளிவந்த மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய பயண நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. பல ஆண்டுகள் அரசாங்கத் தேர்வுத் தாள்களைத் திருத்தினார். டார்வினும் நண்பர்களும் முயன்றதால் 1881இல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் கிடைத்தது. அதன் பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அப்போது அவருக்கு 58 வயது.

ஆனாலும் இந்தக் காலத்தில்தான் விலங்குகளின் புவியியல் பரவலைப் பற்றிய பெருநூலை 1876லும், தீவு வாழ்க்கையைப் பற்றிய நூலை 1880லும் வெளியிட்டார். வெப்பமண்டல இயற்கையைப் பற்றி 1878இல் எழுதிய நூலில், இலங்கையிலும் இந்தியாவிலும் காப்பித் தோட்டங்களுக்காகக் காட்டை அழிப்பதால் மண் அடித்துச் செல்லப்படும் என்று எச்சரித்தார். 1913 நவம்பர் 7ஆம் தேதி 90 வயதில் காலமானார்.

அன்று இல்லாத வேலைகள் இன்று

இதைக் கேட்டதும் அத்தான் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. தாம் பயந்தது சரிதானே என்பது போல் பார்த்தார். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் வாலசுக்கு மறுக்கப்பட்ட வேலைகள் அன்று ஒன்றோ இரண்டோதான் இருந்தன. அவர் சம்பளமில்லாமல் தனியாளாகச் செய்தவை இன்று தனித்தனித் தொழில்களாகிவிட்டன என்றேன்.

எப்பிங் காட்டில் அவர் கேட்டது இயற்கை வனப்பகுதி நிர்வாகப் பணி. இங்கே தேசியப் பூங்காக் கழகமும், மலேசியாவில் வனத்துறைகளும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையும் அதற்கென்றே ஆள் எடுக்கின்றன. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் மரங்களையும் மண்ணையும் ஆராய்கிறது.

அண்ணனோடு அவர் பார்த்த அளவை வேலை இன்று செயற்கைக்கோள் படம், ஆளில்லா வானூர்தி, கணினி வரைபடம் என்று வளர்ந்திருக்கிறது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும். சிங்கப்பூரிலும் இயற்கைப் பகுதிகளை ஒட்டிய பெரிய திட்டங்களுக்கு இத்தகைய ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றைச் செய்யும் ஆலோசனை நிறுவனங்களில்தான் என்னைப் போன்ற பலர் வேலை பார்க்கிறோம்.

வண்டுகளைப் பெயரிட்டு வரிசைப்படுத்தியது வகைப்பாட்டியல். லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் போன்ற இடங்களில் அந்தப் பணி தொடர்கிறது. புக்கிட் தீமா ஓடைகளில் வாழும் சிங்கப்பூர் நன்னீர் நண்டு 1986இல்தான் அறிவியல் உலகத்துக்கு அறிமுகமானது. அழிவின் விளிம்பில் இருக்கும் அதை வளர்த்துப் பெருக்கி ஓடைகளில் விடும் முயற்சியில் ஆய்வாளர், விலங்குத் தோட்ட ஊழியர், பூங்கா அதிகாரி என மூன்று தரப்பும் சேர்ந்து உழைக்கின்றன. கப்பலில் கரப்பான்பூச்சி பிடித்த வாலசின் வேலையும் அதில் இருக்கிறது.

பூங்காவை விட்டுச் சிறிது தூரத்தில் புக்கிட் தீமா விரைவுச்சாலை ஓடுகிறது. அந்தச் சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. 2013இல் அதன் மேல் விலங்குகள் கடக்க 62 மீட்டர் நீளத்தில் ஒரு பசுமைப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. எறும்புத்தின்னிகள் அதைப் பயன்படுத்துவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. நீரிணை ஒன்று உயிரினங்களைப் பிரிப்பதைக் கவனித்தார் வாலஸ். சாலை பிரித்ததை இணைக்கப் பொறியாளரும் சூழலியலாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மேசைகள் இன்னும் நிறைய தேவைப்படும்.

அத்தானுக்கு நான் சொன்னது

மூன்று கேள்விகளுக்கும் மறைக்காமல் பதில் சொன்னேன். வேலைகள் உண்டு, ஆனால் வங்கித் துறையைப் போல் எண்ணிக்கையில் அதிகம் இல்லை. தொடக்கச் சம்பளம் கணினித் துறைக்கு ஈடாகாது. முதல் சில ஆண்டுகள் ஒப்பந்தத்தில் ஓடலாம். அதனால் குருட்டு நம்பிக்கையோடு சேரக் கூடாது, தயாரிப்போடு சேர வேண்டும்.

அந்தத் தயாரிப்பு என்ன என்று மகளிடம் சொன்னேன். புள்ளியியலைத் தள்ளிவைக்காமல் கற்க வேண்டும், ஏனென்றால் களத்தில் எண்ணியதை நம்பத்தக்க முடிவாக மாற்றுவது அதுதான். கணினி வரைபட மென்பொருள் ஒன்றும், தரவை அலசும் நிரல்மொழி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். பறவையோ தாவரமோ வண்டோ, ஓர் உயிரினக் குழுவையாவது பெயர் சொல்லி அடையாளம் காணும் அளவுக்குப் பழக வேண்டும். தெளிவாக எழுதப் பழக வேண்டும். வேலை கிடைக்காத வாலசைக் காப்பாற்றியது அவருடைய எழுத்து. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், மலேசிய இயற்கைச் சங்கம் போன்றவற்றில் இப்போதே தொண்டூழியராகச் சேரலாம். எனக்கு முதல் வேலை கிடைத்ததும் அப்படியொரு பறவைக் கணக்கெடுப்பில் அறிமுகமானவர் மூலம்தான்.

கூச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். தமக்காகப் பேசிக்கொள்ள வாலஸ் தயங்கினார். செய்த வேலைக்குப் பணம் கேட்கவே அவருக்குச் சங்கடம். அந்தக் குணத்துக்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

அத்தான் உடனே சம்மதம் சொல்லவில்லை. அவளுடைய புள்ளியியல் மதிப்பெண் என்ன என்று மட்டும் கேட்டார். போன பருவத்தில் சரியில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். அதை முதலில் சரிசெய், பிறகு பேசலாம் என்பதே அவர் பதில். என் கணக்கில் அது பாதிச் சம்மதம்.

திரும்பும் வழியில், விழுந்து கிடந்த ஒரு மரத்தில் நீண்ட கொம்புகளோடு ஒரு வண்டு ஊர்ந்தது. அவள் குனிந்து படம் எடுத்தாள். தேதியையும் நேரத்தையும் கைப்பேசியில் குறித்தாள். எந்த இடம் என்பதை எப்படித் துல்லியமாக எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். நான் சொல்வதற்குள் அத்தான் தம் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, அந்த இடத்தின் எண்களை அவளுக்குப் படித்துக் காட்டினார்.